முகத்தாலை என்ன வேலை

அந்த டொக்டர் முதல்முதல் என் கணவரிடம் கேட்ட கேள்வியைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

“இந்த முகத்தாலை உங்களுக்கு என்ன வேலை?”

விடிய முதல் அளவெட்டியில் பஸ் ஏறி, பெரியாஸ்பத்திரியில் நம்பர்த் துண்டு எடுத்து, வாங்கிலில் இருந்து இருந்து இடுப்பு முறிந்து, ஒருவழியாக உள்ளே போனால் இப்படி ஒரு கேள்வி. காதில் கடுக்கன், கழுத்தில் பதக்கச் சங்கிலி, தோளில் சால்வை. பார்த்தவுடனே நாதஸ்வரக்காரர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அதோடு வலக்கன்னத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. அதைக் காட்டத்தான் வந்திருக்கிறோம். இந்த மனிசன் முகத்தைப் பற்றி விசாரணை வைக்கிறார்.

“முகத்தாலை என்ன வேலை செய்யிறது ஐயா? எல்லாரையும் போலை வைச்சிருக்கிறதுதான்” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதே கேள்வியை இவரிடமே இன்னொரு தரம், இன்னும் மெதுவாகக் கேட்டார்.

“ஊதுறனான் ஐயா. நாதஸ்வரம்.”

அதைக் கேட்டபிறகுதான் டொக்டர் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கன்னத்தைத் தொட்டார்.

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. நாலு பேர் முன்னால் யாராவது பெயர் சொல்லிப் புகழத் தொடங்கினால், எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிற ஆள் அவர். கட்டை உருவம், ஒட்ட வெட்டின நகம், எண்ணெய் வைத்து வாரின தலை. சந்தையில் கண்டால் தபாற்கந்தோரில் வேலை என்று நினைப்பீர்கள். தலையிலும் கழுத்திலும் வருகிற, மற்றவர்கள் பெயர் வைக்கத் தெரியாமல் விடுகிற கட்டிகளெல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும்.

எங்கள் கட்டி எப்போது வந்தது என்று எங்களுக்கே தெரியாது. வேறு வீட்டில் என்றால் கவனித்திருப்பார்கள். நாதஸ்வரக்காரர் குடியிருக்கிற எங்கள் ஒழுங்கையில் கன்னம் பருத்த ஆம்பிளை என்றால் நன்றாக ஊதுகிறவன் என்றுதான் அர்த்தம். எழுபதுகளின் தொடக்கம் அது. மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போய், தோட்டக்காரர் வீடுகளில் கலியாணங்கள் பெருத்து, எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத காலம். இவருடைய கன்னம் பருக்கப் பருக்க ஊரில் மதிப்பும் கூடிக்கொண்டு போனது. தவில் அடிக்கிற இவருடைய மச்சான், “அத்தான் ராகத்தை முழுக்க வெளியிலை விடாமல் கன்னத்திலை கொஞ்சம் வைச்சிருக்கிறார்” என்று பந்தலில் சொல்லுவான். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

“ஊதினால் ரெண்டு கன்னமும் எல்லோ பருக்கவேணும்?” என்று நான் கேட்டேன்.

“நான் வலப்பக்கத்தாலைதான் கூட ஊதுறனான்” என்றார்.

ஊதுகிற ஆளே சொன்னால் நான் என்ன செய்வது. ஆனால் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் பாயில் நித்திரை. பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். வாய் சும்மா இருக்கிறது, கன்னம் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கிறது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊர்ப் பரியாரி மூலிகை அரைத்துப் பத்துப் போட்டார். பிறகு பல்லுக்கொதி என்று ஒரு நல்ல பல்லையும் பிடுங்கினார்கள். கட்டி அசையவில்லை. கடைசியில்தான் இந்த டொக்டர்.

தொடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். முதல்நாள் அது எனக்கு விசித்திரமாக இருந்தது. விரல் மட்டும் கன்னத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். பல்லைக் கடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். வாய்க்குள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்துக் கட்டியை நடுவில் பிடித்துப் பார்த்தார். வெளியே சனம் குவிந்து கிடக்கிறது. அவருக்கு அந்த நினைப்பே இல்லை. மற்ற டொக்டர்மார் மூன்று பேரைப் பார்க்கிற நேரத்தில் அவர் ஒருவரைப் பார்ப்பார். காத்திருந்து அலுத்துப்போய்த் திட்டிக்கொண்டு எழும்பிப் போகிற ஆட்களை நானே கண்டிருக்கிறேன். பிந்தின நாட்களில் கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

“கட்டிக்கு இல்லாத அவசரம் எங்களுக்கு என்னத்துக்கு?”

அன்றைக்குக் கண்ணைத் திறந்து அவர் கேட்டது, “நாதஸ்வரம் கொண்டு வந்தனீங்களோ?”

“ஆஸ்பத்திரிக்கு ஆர் ஐயா நாதஸ்வரம் கொண்டு வருவினம்?”

“அடுத்த கிழமை கொண்டு வாங்கோ.”

கொண்டு போனோம். வாங்கிலில் இருந்தவர்கள் எல்லோரும் உறையில் சுற்றியிருந்த நாதஸ்வரத்தையே பார்த்தார்கள். உள்ளே போனதும் டொக்டர், “இருந்து ஊதுறனீங்களோ, நிண்டு ஊதுறனீங்களோ?” என்று கேட்டார். இரண்டும் என்றார் இவர். டொக்டர் எழும்பித் தன்னுடைய கதிரையை இவருக்கு விட்டார். அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் எங்கள் ஆட்களுக்குக் கதிரை கிடைக்காது; பந்தலுக்குக் கீழே பாய்தான். இவர் இருக்கத் தயங்கினார். டொக்டர் தோளில் கை வைத்து இருத்திவிட்டு, பக்கத்தில் நின்று வலக்கன்னத்தில் நாலு விரலையும் வைத்துக்கொண்டு, “இனி ஊதுங்கோ” என்றார்.

இவர் தோடியை எடுத்தார். அந்தச் சின்ன அறைக்குள்ளே அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாங்கிலில் இருந்த சனம் முழுக்கக் கதவடியில் வந்து நின்றது. மேட்ரன் அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, “இது ஆஸ்பத்திரியோ, கலியாண வீடோ?” என்றார். டொக்டர் கண்ணைத் திறக்காமலே மற்றக் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கோ என்று காட்டினார். மேட்ரன் அம்மாவும் பொறுத்துக்கொண்டு நின்றார். ராகம் முடியும்வரை நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“வலக்கடைவாயாலைதான் சீவாளியை இறுக்கிப் பிடிக்கிறியள்” என்றார் டொக்டர். “இடப்பக்கம் அவ்வளவு பாடுபடுறேல்லை. தெரியுமோ உங்களுக்கு?”

இவருக்குத் தெரியாது. சீவாளி, அந்தச் சின்ன நாணல் ஊதுவாய், பத்து வயதிலிருந்து இவருடைய உதட்டில் இருக்கிறது. எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

வாய்க்குள்ளாலே சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுமொழி வரக் கிழமைகள் ஆகும். காயம் பழுத்து வீங்கியதால் வாட்டில் மறித்து வைத்திருந்தார்கள். நான் பகல் முழுக்க அங்கேதான். அப்போதுதான் அந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியது இல்லை என்று கண்டேன். எல்லோரிடமும் அதைத்தான் கேட்டார்.

வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு இளம் வாத்தியாரம்மா வந்திருந்தாள். நெற்றிக் கரையில், கண்ணுக்கு மேலே கட்டி. டொக்டர் கேட்டதும் தாய்தான் வாய் திறந்தாள்.

“கலியாணம் பேசியிருக்கு ஐயா. வடு தெரியாமல்...”

“நான் பிள்ளையைக் கேட்டனான்.”

அவள் தாயை ஒருதரம் பார்த்தாள். பிறகு, “வகுப்பிலை பிள்ளையளை வெருட்ட” என்றாள். “நான் கத்துறேல்லை. நெத்தியைச் சுருக்கிப் பாத்தால் அடங்கிவிடுவினம்.”

“எங்கை, என்னை வெருட்டுங்கோ பாப்பம்.”

அவள் நெற்றியைச் சுருக்கினாள். டொக்டர் விரலை வைத்துப் பார்த்தார். நெற்றியைத் தூக்குகிற நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று மையால் மெல்லிய கோடு கீறிவிட்டு, தலைமயிருக்குள்ளாலே வெட்டி எடுத்தார். தையல் பிரிக்கிற நாளில் அவள் வாட்டு வாசலில் நின்று அவரைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்தாள். டொக்டர் கையிரண்டையும் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். தாய்க்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

வடகரையிலிருந்து ஒரு கடல் தொழிலாளி. கழுத்துப் பக்கத்தில் கட்டி. ஆள் கதைத்தால் வாட்டின் அந்த முனைக்குக் கேட்கும். இந்தக் கழுத்தாலை என்ன வேலை என்று கேட்டதற்கு, “கூப்பிடுறது ஐயா. காத்து மாறினால் மற்ற வள்ளங்களுக்கு நான்தான் குரல் குடுக்கிறது” என்றார். டொக்டர் கட்டியை இரண்டு விரலால் பிடித்து அங்கும் இங்கும் அசைத்தார், அசைந்தது. மேலும் கீழும் அசைத்தார், அசையவில்லை. அதற்குமேல் ஒருவரையும் அதில் ஊசி குத்தக்கூட விடவில்லை.

“இது தலைக்குப் போற இரத்தக் குழாய் கவர் விடுற இடத்திலை குந்தியிருக்கு. வெட்டினால் உயிர் தப்பினாலும் குரல் தப்பாது. இதை இப்பிடியே விடுவம். வருசா வருசம் வந்து காட்டுங்கோ.”

கூட வந்த மகன் விடவில்லை. “பயத்திலை விடுறியள் போலை கிடக்கு” என்றான்.

“ஓம் தம்பி, பயம்தான்” என்றார் டொக்டர்.

எனக்கு அவர் மேலே முதல்முதல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். பயம் என்று சொல்லுகிற டொக்டரை அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை.

ஆனால் அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க ஏலாது. அவர் கட்டியைத் தொடும்போது நோயாளிகள் எல்லோரும் அவருடைய முகத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். புருவம் அசைகிறதா, வாய்க் கோணம் இறங்குகிறதா என்று. பூட்டின வீடு மாதிரி இருக்கும். சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. இந்த மனிசனிடம் எல்லோருடைய முகத்தைப் பற்றியும் கேள்வி இருக்கிறதே, தன் முகத்தை எதற்கு வைத்திருக்கிறார் என்று நான் இவரிடம் முணுமுணுப்பேன். “சும்மா இரும்” என்பார் இவர்.

முதல் மறுமொழி வந்தது. வெறும் தழும்புத் தசை மாதிரித் தெரிகிறது என்று இருந்ததாம். ஆபத்தில்லை என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டிருக்கலாம். டொக்டர் திருப்திப்படவில்லை.

“இந்தக் கன்னத்திலை எப்பவாவது பலமாய் அடி பட்டதோ?” என்று இவரைக் கேட்டார்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நான் கை வைச்சதில்லை ஐயா” என்று நானே சொல்லவேண்டியதாகப் போய்விட்டது. அடிபடாத இடத்தில் தழும்பு ஏன் வருகிறது என்று இன்னும் ஆழத்தில் இன்னொரு துண்டு எடுத்து, கூடவே நீளமாக எழுதி அனுப்பினார். இரண்டாவது மறுமொழி வந்த அன்று எங்கள் இரண்டு பேரையும் இருத்திவைத்துச் சொன்னார்.

“வெங்காயம் கிளப்புறதும் கோரை கிளப்புறதும் ஒண்டில்லையே?”

இல்லை என்றார் இவர். வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. வெங்காயம் பிடித்து இழுத்தால் முழுசாக வரும். கோரை மேலே கொஞ்சம்தான் தெரியும். கீழே கிழங்கும் வேருமாக எங்கெல்லாமோ ஓடியிருக்கும்.

“கட்டிகளிலை கனக்க வெங்காயம் மாதிரி. உங்கடை இது கோரை. உடம்பு முழுக்க ஓடித் திரியாது. ஆனால் நிண்ட இடத்திலை நிண்டு சதையைத் தின்னும், தாடையைப் பிடிக்கும், கடைசியிலை வாய் திறக்க விடாது. எடுக்கிறதெண்டால் சுத்தி இருக்கிற மண்ணையும் சேத்து எடுக்கவேணும். அந்த மண்ணுக்குள்ளைதான் உங்கடை உதட்டை இறுக்கிற நரம்பு ஓடுது. நூல் மாதிரி ரெண்டு, மேலை ஒண்டு, கீழை ஒண்டு.”

இவர் தன் வலக்கடைவாயை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, “ஊதேலாமல் போகுமெண்டால் எடுக்கவேண்டாம் ஐயா” என்றார். அவ்வளவுதான். எழும்பி வெளியே போய்விட்டார்.

நான் போகவில்லை. “அவர் சொல்லுறதைக் கேளாதேங்கோ ஐயா. ஊதாட்டிலும் பரவாயில்லை. எனக்கு ஆள் வேணும்” என்றேன்.

“அவருக்கு ஊத வேணும். உங்களுக்கு ஆள் வேணும். ரெண்டும் ஒரே கன்னத்திலை இருக்குது” என்றார். பிறகு, “அவரின்ரை முகத்தாலை உங்களுக்கு என்ன வேலை, தங்கச்சி?” என்று கேட்டார்.

வாயடிப்பில் என்னை வெல்ல அளவெட்டியில் ஆள் இல்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை டொக்டர் எங்களைத் திரும்பவும் வரச் சொன்னார், நாதஸ்வரத்தோடு. பிளாஸ்டர் துண்டொன்றை எடுத்து இவருடைய வலக்கடைவாயில் ஒட்டி, அதைக் கீழே இழுத்துத் தாடையில் ஒட்டினார். உதட்டின் அந்தப் பாதி செத்துப்போன மாதிரித் தொங்கியது.

“கீழ்நூலை எடுத்தால் ஏறக்குறைய இப்பிடித்தான் இருக்கும். இனி ஊதுங்கோ.”

இவர் சீவாளியை வாயில் வைத்தார். காற்றுப் பறந்தது. எச்சில் வடிந்தது. சத்தம் இல்லை. திரும்ப ஊதினார். புஸ் என்றது. நாதஸ்வரத்தை மடியில் வைத்துவிட்டுச் சால்வையால் வாயைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். எனக்கு அந்த டொக்டரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல வந்தது. அவர் குனிந்து, சீவாளியை இடக்கடைவாய்ப் பக்கம் ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தார்.

“திரும்ப.”

அப்படி எத்தனை தரமோ. கடைசியில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

“வந்திட்டுது” என்றார் டொக்டர்.

“இதுவோ ஐயா? இது பிள்ளையள் பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுற சத்தம்.”

“அவையளும் அதிலைதானே துவங்கினம். இப்ப வெட்டமாட்டன். மாரி முடியட்டும். அதுவரைக்கும் பிளாஸ்டர் ஒட்டி இடப்பக்கத்தாலை ஊதிப் பழகுங்கோ. ஊதப் பழகின வாயைத் தந்தால் நான் கட்டியைப் பாத்துக்கொள்ளுறன். இதுக்கு ஓம் எண்டால் மட்டும் வாங்கோ.”

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மல்லாகம் தாண்டினபிறகு இவர், “பிளாஸ்டர் கடையிலை வாங்கலாமோ?” என்று கேட்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு ஏன் தெரியவேண்டும்.

அந்த மாரி எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. தோடியை உருக்குகிற ஆள், முற்றத்துக் கொட்டிலுக்குள்ளே பிளாஸ்டரோடு இருந்து பீ, பீ என்று ஊதிக்கொண்டிருந்தார். ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். ஆளுக்கு மூளை பிசகிவிட்டதென்று சந்தையில் கதை. இவரோடு சேர்ந்து ஊதுகிற தம்பிக்காரன் வந்து கேட்டுவிட்டு வாசலிலேயே அழுதான். கோபம் வந்து இவர் பிளாஸ்டரைப் பிய்த்தெறிவார். நான் பொறுக்கிக்கொண்டு வந்து, பசை போயிருந்தால் புதுசு வெட்டி ஒட்டிவிடுவேன். “அந்தாள் டொக்டரோ, பிசாசோ?” என்பார். “ரெண்டும்தான், ஊதுங்கோ” என்பேன். மழை விடத் தொடங்கிய நாட்களில் கீச்சுச் சத்தம் சுரமாகி, சுரம் ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்கியது.

பொங்கல் முடிய வெட்டினார்கள். தியேட்டர் வாசலில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. டொக்டர் வெளியே வந்தார். முகம் பூட்டித்தான் இருந்தது.

“கோரை போன தூரமெல்லாம் போனன் தங்கச்சி. கீழ்நூல் அதுக்குள்ளை சிக்குப்பட்டுப் போச்சுது, எடுத்திட்டன். மேல்நூல் கரையாலை போனது, விட்டிருக்கிறன். திரும்ப வந்தால் நான் விட்ட அந்தக் கரையிலைதான் வரும். அதுக்காக வருசத்துக்கு ஒருக்கால் இந்தக் கன்னம் எனக்குச் சொந்தம்.”

விட்டது சரியோ பிழையோ என்று தனக்கே தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கட்டு அவிழ்த்தபோது இவருடைய வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தேத்தண்ணி குடித்தால் வழியும். ஆட்கள் வந்தால் குடிக்கமாட்டார். கன்னத்தில் ஒரு குழி. கனநாள் நாதஸ்வரத்தின் உறையைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, ஆளைத் தா என்று கேட்டவள் நான்தானே, ஆள் இருக்கிறார். ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருக்கிறேன், கொட்டிலுக்குள்ளேயிருந்து பீ என்று ஒரு சத்தம். பிளாஸ்டர் இல்லாமலே வந்த சத்தம். கரைத்த கையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

பழைய ஊதல் திரும்பி வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். மேல்ஸ்தாயியில் நின்று விளையாடுகிற மூச்சு போனது போனதுதான். முன்னுக்கு நின்ற ஆள் தம்பிக்குப் பக்கத்தில் இரண்டாவதாக நின்று ஊதினார். அந்த இடத்துக்குப் போவதற்கு இவருக்கு மனசு எவ்வளவு நொந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊதினார். கடைசிவரைக்கும் ஊதினார். கோரை திரும்பி வரவில்லை.

டொக்டரும் தன் சொத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பிந்தினால் தேடி வந்துவிடுவார். அச்சுவேலியில் ஒரு பெரிய கலியாணம். டொக்டர் வந்து இறங்கினதும் பெண்வீட்டார் பன்னீர்ச் செம்போடு ஓடினார்கள். அவர் மணவறைப் பக்கம் போகாமல் நேரே மேளம் இருந்த இடத்துக்கு வந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, கண்ணை மூடிக்கொண்டு இவருடைய கன்னத்தைப் பிடித்துப் பார்த்தார். “சரி, ஊதுங்கோ” என்றுவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனார். அந்தக் கடல் தொழிலாளியும் வருசா வருசம் கழுத்தைக் காட்ட வருவார் என்று கேள்வி. கையில் கருவாட்டுப் பொதியோடு. அவர் வந்தால் வாசலிலேயே குரல் கேட்குமாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டொக்டர் ஓய்வுபெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். போகமுதல் ஒருதரம் வந்து கன்னத்தைப் பார்த்தார். “இனி உங்கடை முகம் உங்களுக்குத்தான்” என்று இவரிடம் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

நான் அவரை நினைக்கும்போது வருகிறது அந்த நாள் இல்லை. ஒப்பரேசன் முடிந்து அடுத்த வருசம், எங்கள் ஊர்க் கோயில் தேர். இவர் திரும்பி வீதிக்கு வந்து ஊதின முதல் திருவிழா. காலை வெயில். தேர் இன்னும் புறப்படாமல் நிற்கிறது, வடம் பிடிக்க ஆட்கள் கூடுகிறார்கள். பெண்கள் பக்கத்தில் நின்ற எனக்குக் கொஞ்சம் தள்ளி, மேற்சட்டை இல்லாமல், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கட்டை மனிசன். டொக்டர்தான். ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. நான் கிட்டப் போனேன்.

“ஐயா, நான் உங்களுக்கு ஒரு மறுமொழி சொல்லவேணும்” என்றேன். “அவரின்ரை முகத்தாலை எனக்கு என்ன வேலை எண்டு கேட்டனீங்கள்.”

“ஓம்.”

“அவர் எனக்குப் பொய் சொன்னால் வலக்கன்னம்தான் முதல் சிரிக்கும். கோவமெண்டாலும் அதுதான் துடிக்கும். அதைப் பாத்துத்தான் நான் இவ்வளவு காலமும் குடும்பம் நடத்தினனான். இப்ப அது ஒண்டும் சொல்லுறேல்லை. இடக்கன்னத்தை இப்பதான் படிச்சுக்கொண்டு வாறன்.”

“படிச்சிடுவியளோ?”

“அவர் இடப்பக்கத்தாலை ஊதப் பழகினவர். நான் பாக்கப் பழகமாட்டனோ?”

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவு தூரம் வந்தபிறகு எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஐயா, கோவிக்காதேங்கோ. எல்லாரையும் கேக்கிறியள். உங்கடை முகத்தாலை உங்களுக்கு என்ன வேலை?”

ஒருவரும் அவரை அதைக் கேட்டிருக்கமாட்டார்கள் போல. உள்ளங்கையால் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“கொழும்பு மறுமொழி வாற மட்டும் ஒண்டையும் காட்டாமல் வைச்சிருக்கிறதுதான்” என்றார். “வந்தபிறகும் அதேதான். எல்லாரும் அதைத்தானே பாக்கினம், தங்கச்சி. இது கொஞ்சம் அசைஞ்சால் அவையள் அந்த இடத்திலையே செத்துப்போவினம்.”

அப்போது தம்பிக்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டுத் தமையனைப் பார்த்துத் தலையசைத்தான். இவர் சீவாளியை உதட்டின் இடக்கரையில் வைத்து, கண்ணை மூடி, தோடியை எடுத்தார். மேலே போகவில்லை. கீழேயே, மெல்ல, ஒவ்வொரு சுரமாகத் தொட்டுத் தொட்டு ஊதினார். இறங்கின வாயிலிருந்து கொஞ்சம் எச்சில் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருக்கவில்லை. விரல்கள் காற்றில் ஒரு கன்னத்தைப் பிடித்திருக்கிற மாதிரி விரிந்திருந்தன. வாய் கோணி, தாடை நடுங்கி, கண்ணீர் நெஞ்சுவரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. அத்தனை நோயாளிகள் தேடித் தேடிக் காணாமல் போனதெல்லாம் அந்த முகத்தில் வெயிலில் எல்லோரும் பார்க்கக் கிடந்தது. அன்றைக்கு ஒரு நாள் அந்த முகம் வேலைக்குப் போகவில்லை.